ஐந்தாவது டம்ளர்

வந்திருந்தவர்கள்: டிரைவர், தையல்காரர், நர்ஸ் அக்கா, நான். குடியை விட நினைப்பவர்கள் கூடும் மாடியறை. இரண்டு முறை வாசலோடு திரும்பியிருந்தேன். உள்ளே வந்தது இதுதான் முதல் முறை.

தையல்காரர் ஐந்து டம்ளரில் டீ ஊற்றினார்.

“நாலு பேர்தானேண்ணே?”

“உன்னைக் கூட்டிட்டு வந்தவருக்கு வேணாமா தம்பி? பாவம், காலை இழுத்து இழுத்துப் படியேறினாரு.”

நைட் ஷிப்ட் முடிந்ததும் பதினோரு வருஷம் என்னோடு குடித்தவன் அப்படித்தான் நடப்பான். இந்த இடத்தை விசாரித்து வைத்தவனும் அவன்தான். “அடுத்த வாரம் சேர்ந்தே போவோம் மாப்ளே” என்பான், வாராவாரம். ஈரல் கெட்டுச் செத்து ஒரு வருஷமாகிறது. அவன் டீ குடித்து நான் பார்த்ததேயில்லை.

கிளம்பும்போது ஐந்தாவது டம்ளரும் காலியாக இருந்தது. நாங்கள் மூவரும் வெளியே வந்த பிறகும் டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மெதுவா வாங்கண்ணே, அவசரமில்ல.”

சற்று நேரம் பொறுத்து, கதவைச் சாத்திப் பூட்டினார்.