பெட்டியில் இடமில்லை

பதிவு செய்ய இடம் இல்லை என்று தொலைக்காட்சித் திரையில் எழுத்து வந்து நின்றது.

"பெரியப்பா, பெட்டி நிறைஞ்சிட்டு. எல்லாத்தையும் அழிச்சாத்தான் உங்கள ரெக்கார்டு பண்ண முடியும்," என்றான் தம்பி மகன் பூமிநாதன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

காலையில், தேர் வடம் தொடுமுன், கோயிலில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நான்கு தலைமுறையாக அந்த முதல் மரியாதை அவர் வீட்டுக்குத்தான். தொலைக்காட்சியில் அதன் மறுஒளிபரப்பு மாலை நான்கு மணிக்கு.

இன்னும் ஆறு நிமிடம்.

கூடம் நிறைய உறவு. மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியும் வந்திருந்தார்.

பூமிநாதன் சேமித்தவற்றின் பட்டியலைத் திறந்தான்.

இரண்டு கிரிக்கெட் ஆட்டம். அழித்தான்.

ஒரு பட்டிமன்றம். அழித்தான்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"இது என்னது, காலைச் சமையல்? மூணு வருசத்துக்கு முந்தினது! பெரியம்மைக்குத் தெரியாம சமையல் படிக்கியளா பெரியப்பா?"

கூடம் சிரித்தது.

அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் அவர் மகள் கம்பு உருண்டை பிடிக்கிறாள்.

பதினோரு வருடத்துக்கு முன் தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டு போனவள். அவள் பெயர் இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். இதே கூடத்தில். இதே ஆட்களின் முன்.

ஒரு நாள் காலை, தற்செயலாக, அவள் திரையில் வந்தாள். அவர் கை பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

அதன் பிறகு மதியம் இரண்டு மணிதோறும், மனைவி உள்ளறையில் போய்ப் படுத்தபின், சத்தத்தை இரண்டில் வைத்துப் பார்ப்பார்.

நடுவில் ஓரிடத்தில் அவள் சொல்வாள்: எங்க அப்பாவுக்குக் கருப்பட்டி கம்மியாப் போடணும்.

"என்ன பெரியப்பா, அழிச்சிரட்டுமா?"

சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். போட்டுப் பார்ப்பார்கள்.

மனைவி அடுக்களையில் எல்லோருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அழி," என்றார்.

ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

நான்கு மணிக்குத் திரையில் அவர் வந்தார். தலையில் பரிவட்டம். முதுகு வளையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம், இரண்டு மணி.

வந்தவர்கள் போய்விட்டார்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தொலைக்காட்சியைப் போடவில்லை.

உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்ன, இன்னைக்கு வைக்கலியா?"

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் சத்தமாத்தான் வையுங்களேன். மூணு வருசமா பிள்ள பேசுறது உள்ள சரியாவே கேக்க மாட்டேங்கு."

அவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.