மூன்றாவது கோப்பை

"காலு நல்லாத்தான் இருக்கு போல, மிஸ் ஃபீபி," என்றார் போட்டியை நடத்தும் மேஜர் பெல்லூ.

கணுக்கால் பிசகிவிட்டது, இறுதி ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூடாரத்துக்குள் வரும்போது நொண்ட மறந்துவிட்டாள்.

மணி ஒன்றரை. வெளியே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பாண்டு வாத்தியக்காரர்கள் சுருதி சரிபார்த்தார்கள். இரண்டு மணிக்கு நடப்புச் சாம்பியன் ஹெஸ்டர் லஸ்கோமும் அவளுடைய தங்கை ஃபீபியும் மோத வேண்டும்.

எக்ஸ்மவுத் ஊர் டென்னிஸ் போட்டியில் வழக்கம் இதுதான். மற்ற பெண்கள் வாரம் முழுக்க முட்டி மோத வேண்டும். சாம்பியன் கடைசி நாள் வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். மிஞ்சி நிற்பவளோடு ஒரே ஓர் ஆட்டம், அவ்வளவுதான். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை அவளுக்கே சொந்தமாகிவிடும்.

ஹெஸ்டர் இரண்டு வருஷம் ஜெயித்திருந்தாள்.

பனிக்காலத்தில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தைப் பிடித்துக்கொண்டது. இனி மட்டையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அதைப் பாதிரியாரான அப்பாவிடம்கூடச் சொல்லாமல், ஒரே ஓர் ஆட்டம்தானே என்று ரயிலேறி வந்துவிட்டாள். அவள் பிடிவாதம் ஊரறிந்தது.

பதினாறு வயதிலேயே அப்பாவின் தோட்டத்துப் புல்தரையில் இளம் பாதிரிமார்களை ஓட ஓட விரட்டியவள் அவள். பெண்கள் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து செல்லமாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தாள். துணி துவைக்கிறவள் மாதிரி இருக்கிறது என்று சீமாட்டிகள் முகம் சுளித்தார்கள். மூச்சை இறுக்கும் கச்சையோடும் தரையைக் கூட்டும் பாவாடையோடும் ஆடி, அத்தனை பேரையும் ஜெயித்தாள். மறுநாள் பத்திரிகைகள் அவளுடைய தொப்பியைப் பற்றி எழுதின. ஆட்டத்தைப் பற்றி எழுத அந்த மகானுபாவர்களுக்கு இடம் போதவில்லை.

பத்து வருஷத்தில் ஃபீபி ஒரு தடவைகூட அக்காவை ஜெயித்ததில்லை. இந்த வாரம் ஐந்து பேரைத் தோற்கடித்துவிட்டு வந்திருந்தாள். அந்தப் பட்டத்தின் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அதை நினைத்து வெட்கப்பட்டும் இருக்கிறாள்.

மேஜர் நல்ல மனிதர்தான். அக்கா இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை என்று ஃபீபி சொல்லியிருந்தாள்; அவள் உடம்பை நினைத்து விட்டுக்கொடுப்பதென்றால் அதற்குத் தேவையே இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். இரண்டு மணிக்கு ஹெஸ்டர் களத்தில் வந்து நிற்காவிட்டால் ஃபீபிதான் சாம்பியன். இன்னும் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பட்டம் தானாக மடியில் வந்து விழும். அதைவிட்டு இவள் இப்போதே விலகினால், ஹெஸ்டர் படுக்கையில் இருந்தபடியே ஜெயித்ததாக ஆகும்.

அது தனக்குத் தெரியும் என்றாள் ஃபீபி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

மேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டு வந்தீர்களா, வெயிலில் காத்திருக்கும் முந்நூறு பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று பொரிந்தார். ஆளை அனுப்பி ஹெஸ்டரையே வரவழைத்துக் கேட்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

"வேண்டாம், மேஜர். அவளை எழுப்ப யாரையும் விடமாட்டேன்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபடி உட்கார்ந்தார். பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொன்னாள். ஒன்று நாற்பது என்று எழுதினார். அறிவித்த பிறகு யாராலும் இதை மாற்ற முடியாது அல்லவா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அவர் வெளியே போய், ஹெஸ்டர் லஸ்கோம் மூன்றாவது முறையாகச் சாம்பியன் என்று உரக்கச் சொல்லும் வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கூட்டம் முணுமுணுத்தது. சிலர் சீட்டி அடித்தார்கள். அக்காவைக் கண்டாலே தங்கச்சிக்கு நடுக்கம் என்று ஒரு வைக்கோல் தொப்பிக்காரன் அவள் காதில் விழும்படியே சொன்னான். இவனையெல்லாம் ஒரு நாள் முழுக்கக் கச்சை கட்டி ஓடவிட வேண்டும். ஃபீபி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கியிருந்த வீட்டில், மாடிப்படியில் சூப்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள் வீட்டுக்காரி மிஸஸ் ஹானஃபோர்ட். காலையிலிருந்து மூன்று தடவை தட்டியும் பெரிய மிஸ் கதவைத் திறக்கவில்லை, சாம்பியன் என்றால் இத்தனை கர்வமா என்று பொருமினாள்.

ஃபீபி கையுறைக்குள்ளிருந்து சாவியை எடுத்தாள்.

"இப்ப டாக்டருக்கு ஆள் அனுப்பலாம், மிஸஸ் ஹானஃபோர்ட். அவசரமில்ல."

கதவைத் திறந்தாள். ஹெஸ்டர் இறந்து எட்டரை மணி நேரம் ஆகியிருந்தது. விடியற்காலையில் ஃபீபியே கண்களை மூடிவிட்டு, தாடையைக் கைக்குட்டையால் சேர்த்துக் கட்டி, மதியம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பேசாமலிருந்தால் பட்டம் தனக்கு என்பதை நினைத்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அழுதாள். அழுது முடித்துவிட்டு அப்பாவுக்கு இரண்டு தந்திகள் எழுதினாள். ஜெயித்த செய்தியை முதலில் அனுப்பச் சொன்னாள்.