ஒன்பது லிட்டர்

பானட்டைத் தூக்கியபோதே டாக்ஸிக்காரனின் விரல் வெந்துவிட்டது. எஞ்சினை அணைத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சூடு இருக்கத்தானே செய்யும். ஊதிக்கொண்டிருக்க நேரமில்லை.

இருபது நிமிடம்தான் கையில். அதற்குள் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும்.

டேங்கில் ஒன்பது லிட்டர் பெட்ரோல். பங்க் மூடி மூன்று நாளாகிறது. தெருவில் நின்ற ஸ்கூட்டர் ஒன்று விடாமல் உறிஞ்சி எடுத்துச் சேர்த்தது அது. இனி யாரிடமும் ஒரு சொட்டு கிடையாது.

அந்த ஒன்பது லிட்டர் நாளை காலை பத்து மணிவரை தாங்க வேண்டும். தாங்கினால் உள்ளே படுத்திருக்கும் மனைவி பிழைப்பாள். தாங்காவிட்டால் என்ன என்று அவன் மனம் யோசிக்கப் போனது. போகாதே சனியனே என்று இழுத்துப் பிடித்தான்.

கிளிப்புகளை நெம்பி ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தான். அட பாவி! அது ஃபில்டரா, அடுப்படித் துணியா? ஒன்றரை வருடமாக அதைத் திறந்து பார்க்காமல், வண்டி பெட்ரோல் குடிக்கிறது, குடிக்கிறது என்று ஊரெல்லாம் புலம்பியவன் இவன்தான்.

மதில் சுவரில் அதை ஓங்கி ஓங்கித் தட்டினான். புழுதி பறந்தது. நாலு அடி அதிகமாகவே போட்டான், தன் தலையில் போட்டுக்கொள்வதாக நினைத்து.

அடுத்தது மச்சான் சொன்ன வேலை. மச்சான், மனைவியின் அண்ணன், நகரத்தில் மெக்கானிக். காலையில் போன் லைன் கிடைத்த இரண்டே நிமிடத்தில், தூரமா ஒரு சவாரி, பெட்ரோல் கம்மியா இருக்கு, என்ன பண்ணலாம் என்று இவன் கேட்டிருந்தான். ‘வெளிக்காத்தை இழுக்க விடாதீங்க மாப்ளே. சைலன்சர் பக்கத்துச் சூடான காத்தைக் குழாய் வச்சு உள்ளே விடுங்க. இருபது கிலோமீட்டராவது கூடக் கொடுக்கும்’ என்றான் மச்சான். அதோடு லைன் போய்விட்டது.

பால் பவுடர் டின்னை வெட்டிப் புகைக்குழாயின் மேல் கவிழ்த்துக் கம்பியால் கட்டினான். டின்னிலிருந்து ஃபில்டரின் வாய்வரை ஒரு குழாய் வேண்டும். சமையலறைச் சிம்னியின் அலுமினியக் குழாயைப் பிடுங்கி வந்திருந்தான். ஆறு மாதம் நச்சரித்து அவள் மாட்டவைத்த சிம்னி. பார்த்தால் உயிரை எடுத்துவிடுவாள். எழுந்து வந்து எடுக்கட்டுமே, அதைவிட வேறென்ன வேண்டும் அவனுக்கு?

பக்கத்து வீட்டு டெய்லர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தகரம் வெட்டக் கொடுத்த புண்ணியவான்.

“காத்தைத் திருப்பிவிட்டா பெட்ரோல் மிச்சமாகுமா? ஏம்ப்பா, நடக்கிற காரியமா இது?”

“நடக்கணும்ணே.”

டெய்லர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கத்தரிக்கோலைத் திருப்பிக் கேட்கவில்லை.

கடைசிக் கம்பியை முறுக்கியபோது மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. சாவியைத் திருப்பினான். இருமியது, நின்றது.

“ஏய், ஏய், மானத்தை வாங்காதே. கிளம்பிடு தாயே.”

மறுபடி திருப்பினான். பிடித்துக்கொண்டது. குலுங்கி, தடுமாறி, ஒரு வழியாக ஒரே சீராக உறுமத் தொடங்கியது. முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிற மாதிரி இருந்தது. அப்படித் தோன்றியதோ என்னவோ. ஹேண்ட் பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

பிறகு இறங்கி, எஞ்சினை ஓடவிட்டபடியே, வீட்டுக்குள் ஓடினான்.

வண்டியின் பேட்டரியிலிருந்து புறப்பட்ட ஒயர் அவனுக்கு முன்பே ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. கட்டிலருகே இன்வெர்ட்டர், அதன் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த இருபது நிமிடம் தாங்கிய சின்ன ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அவள் மூக்குக் குழாயை அதிலிருந்து கழற்றி மெஷினில் செருகினான். மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. தெருமுனையில் இடுப்பளவு வெள்ளம். சிலிண்டரோடு படகு வர நாளை காலை பத்து மணியாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

மச்சான் சொன்னது ஓடுகிற வண்டிக்கு. நிற்கிற வண்டிக்கும் பலிக்குமா என்று இவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். தங்கச்சிக்கு ஒன்று என்றால் அந்த ஆள் தண்ணீரில் குதித்துவிடுவான், நீச்சலும் தெரியாது.

எஞ்சின் சத்தத்தில் அவள் பாதிக் கண் திறந்தாள்.

“எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?”

அவன் அவள் போர்வையைச் சரிசெய்தான். “பாதிக்கு மேல வந்தாச்சு.”

“அவசரப்படாதீங்க” என்றாள். “மெதுவாவே ஓட்டுங்க.”

“மெதுவாத்தான் ஓட்டுறேன்” என்று சொல்லிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.