குளச்சல் சண்டைக்கு ஒரு பஞ்சுச் சட்டை

"இதுக்குள்ள மனுஷன் மூச்சு விடுவானா, மொதலாளி?" என்று கேட்டு, பொன்னம்மை தகரக் கவசத்தை மேடையில் போட்டாள்.

கொட்டகையே அதிர்ந்தது.

மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டிச் செய்த கவசம். கொல்லம் ஆண்டு 1109, சித்திரையோடு வரும் மேட மாதத்து உச்சி வெயில். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த அந்த ஓலைக் கொட்டகையில் வெள்ளிக்கிழமை குளச்சல் சண்டை நாடகம் அரங்கேற வேண்டும். டச்சுத் தளபதி வேஷம் ஆறுமுகநயினாருக்கு. தளபதியை மண்டியிட வைக்கும் திருவிதாங்கூர்ப் படைத்தலைவன் பொன்னம்மை. ஆண் வேஷத்தில் அவள் மீசையை முறுக்குவதைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

கம்பெனி முதலாளி திரவியம் பிள்ளைக்கு மூச்சைப் பற்றிக் கவலையில்லை.

"காஸ் லைட்டுல ரெண்டு பேரும் மின்னணும். அதுக்குத்தான் தகரம்."

"அண்ணாச்சி மின்னட்டும். எனக்குப் பஞ்சு வச்சுத் தச்ச சட்டை போதும். வாளும் வேண்டாம், ஈட்டி தாங்க."

ஆறுமுகநயினார் கடகடவென்று சிரித்தார். கொழும்பில் ஆறு மாதம் இருந்துவிட்டு, படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றோடு திரும்பியவர் அவர். உலகத்து ஆயுதமெல்லாம் தனக்கு அத்துப்படி என்பார்.

"ஐரோப்பாவில ஒருத்தன் இரும்புச் சட்டைக்குள்ள நின்னா எறும்புகூடக் கடிக்க முடியாது, கேட்டியா?"

"எறும்பு உள்ள போயிட்டா, அண்ணாச்சி?"

பக்கவாத்தியக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஜப்பான்காரன் இரண்டு கையாலும் வாளைப் பிடித்து வீசினால் ஆள் இரண்டு துண்டு என்றார். ஈட்டியைத் தாண்டி அவன் முதலில் கிட்டே வரட்டும் என்றாள் அவள். ரோமாபுரிக்காரன் குட்டை வாளை வைத்துக்கொண்டே பாதி உலகத்தைப் பிடித்தான் என்றார். கதவளவு கேடயமும் வைத்திருந்தானே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்றாள். பஞ்சு தலையணைக்குத்தான் ஆகும் என்றார். மைசூர்க் குதிரைக்காரன் பஞ்சுச் சட்டையோடுதானே சண்டைக்குப் போனான் என்றாள்.

எல்லாம் அவருடைய புத்தகத்தில் இருந்ததுதான். ஆர்மோனியம் வாசிக்கும் ஸ்ரீகண்டன் அதை இரவல் வாங்கி, ஒரு வாரமாகப் பெண்டாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்டாட்டி பொன்னம்மைதான்.

"கப்பல்ல வந்தவன் இரும்போட கடல்ல விழுந்தா என்னாவான், அண்ணாச்சி?"

அதற்கு அவர் பதில் சொல்லுமுன் முதலாளி கையை உயர்த்தினார்.

"மதி, மதி, பேசுனது போதும். தகரம் போடமாட்டேன்னா சொல்லிரு. வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

பொன்னம்மை ஈட்டியை எடுத்து மேடையில் ஊன்றினாள்.

"இப்பவே மோதிப் பாப்போம். அண்ணாச்சி தகரத்துல வரட்டும், நான் பஞ்சுல வாறேன். அவரு வாள் என் மேல ஒரே ஒரு தடவை பட்டாலும் தகரத்தையே போடுதேன்."

தையல்காரன் சத்தியநேசன் ஒரு பழைய மெத்தையை அவள் உடம்பைச் சுற்றிக் கயிற்றால் கட்டினான். ஸ்ரீகண்டன் போர் மெட்டை எடுத்தான். என்றுமில்லாமல் அன்று அவனுக்குச் சுருதி தப்பியது.

ஆறுமுகநயினார் மரவாளை வீசிக்கொண்டு பாய்ந்தார். பொன்னம்மை ஈட்டி முனையை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி பின்னால் போனாள். அவர் வலப்பக்கம் வந்தால் இவள் இடப்பக்கம் நகர்ந்தாள். மேடை உயரத்துக்குத் தாவுகிறவள், அன்று ஒரு தாவல்கூடத் தாவவில்லை.

"ஓடாதே! நின்னு அடி!" என்று அவர் கத்தினார்.

"நீங்க கிட்ட வாங்க, அண்ணாச்சி!"

மேடையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் தகரத்துக்குள் அவர் அவிந்துபோனார். வியர்வை கண்ணில் இறங்கியது. தலைக்கவசம் மூக்குவரை சரிந்தது. எரிச்சலில், எதிரே யார் என்றுகூடப் பாராமல் வாளை அகலமாகச் சுழற்றினார்.

வாள் நேராக அவள் இடுப்புக்கு வந்தது.

ஆர்மோனியம் நின்றுபோயிற்று.

இரண்டு கையாலும் ஈட்டிக் கம்பைக் குறுக்கே பிடித்துத் தடுத்தாள். மரத்தில் மரம் மோதிய சத்தம். அவள் முகம் வெளுத்துவிட்டது. பட்டிருந்தாலும் மெத்தை மேல்தான் பட்டிருக்கும். இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது என்று மிருதங்கக்காரருக்குத் தோன்றியது.

அவர் மறுபடி கையை ஓங்கினார். அக்குளில் தகரம் இல்லை. பொன்னம்மை ஈட்டி முனையால் அங்கே மெல்லக் கிச்சுகிச்சு மூட்டினாள்.

டச்சுத் தளபதி "ஐயோ, மதி!" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, மோர் கேட்டார்.

"ஜெயிச்சிட்டே பிள்ளே. பஞ்சு நல்ல பஞ்சுதான்," என்றார் மூச்சு வாங்க.

முதலாளியும் சிரித்துவிட்டார். "சரி, பஞ்சே போடு. ஆனா ஜரிகை வச்சுத் தைக்கணும். மின்னணும், ஆமா!"

திரைக்குப் பின்னால் சத்தியநேசன் மெத்தையை அவிழ்த்துவிட்டு, டேப்பை எடுத்து அவள் இடுப்பை அளந்தான்.

"இறுக்கித் தைக்காதே. அடுத்த மாசம் இடவப்பாதி மழை இறங்குத வரைக்கும் நாடகம் உண்டு. முன்பக்கம் பிரிச்சுப் பிரிச்சு விடுத மாதிரி துணி மடிச்சு வை," என்றாள் அவள்.

டேப் அப்படியே நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தனை மாசம், அக்கா?"

"அஞ்சு. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா, சிவகாமி கதைதான் எனக்கும்."

போன வருஷம் பிள்ளை பெற ஊருக்குப் போன சிவகாமிக்குத் தோழி வேஷம்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

சத்தியநேசன் டேப்பை ஒரு சாண் தளர்த்தினான்.

பொன்னம்மை பெட்டி மேல் உட்கார்ந்து ஈட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அப்போதுதான் அன்றைய முதல் அடி அவள் மேல் விழுந்தது. உள்ளிருந்து, சின்னதாக, ஒரு உதை.