கோட்டைக்குள் இருந்தவர்

இரவீந்திரனின் மகள் ஆரணிக்குப் பேசிய மாப்பிள்ளையின் தகப்பன் சிறீஸ்கந்தராசா, துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து வந்திருந்தார். ஒஸ்லோ துறைமுகத்துக்கு மேலே இருக்கும் கோட்டையைக் காட்ட அவரைக் கூட்டிப்போனார் இரவீந்திரன்.

"யாழ்ப்பாணக் கோட்டை வேறை மாதிரி. சண்டை நேரம் உள்ளுக்கை இருந்தால் கடல் தெரியாது, உப்புக்காத்து மட்டும் வரும்," என்றார் சிறீஸ்கந்தராசா.

இரவீந்திரன் நின்றுவிட்டார்.

"அப்ப அதுக்கை சிங்கள ஆமியெல்லோ இருந்தது? நீங்கள் எப்பிடி?"

"பழைய கதை, விடுங்கோ."

விட இரவீந்திரனுக்கு மனமில்லை. "பொம்பிளை குடுக்கிறனான், கேக்கத்தானே வேணும். ஆமியோடை நிண்டனீங்களோ?"

சிறீஸ்கந்தராசாவின் முகம் கறுத்தது.

"என்னையும் தம்பியையும் ஆமி பிடிச்சு அங்கை அடைச்சு வைச்சது. பிறகு இயக்கப் பெடியள் கோட்டையைச் சுத்தி வளைச்சிட்டாங்கள். ஆமியும் வெளியிலை போகேலாது, நாங்களும் போகேலாது. பெடியள் அடிச்ச செல் குண்டு எங்கடை கூரையிலைதான் விழுந்தது. தம்பி அதிலை செத்தவன்."

"உங்களை ஏன் பிடிச்சவங்கள்?"

"ஊர்ச்சனத்தை வரிசையிலை நிப்பாட்டினவங்கள். ஆமிக்கு ஆள் காட்டிக் குடுக்கிற தலையாட்டி ஒருத்தன் எங்களைப் பாத்துத் தலையாட்டினவன்."

"ஆளை அடையாளம் தெரியுமோ?"

"எப்பிடித் தெரியும்? முகத்தைச் சாக்காலை மூடியெல்லோ கொண்டு வந்தவங்கள். கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை."

இரவீந்திரன் நீண்ட மூச்சு விட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. எனக்கு முழுச் சம்மதம். கலியாணத்துக்கு நாள் வைப்பம்," என்று சிறீஸ்கந்தராசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று ஆமிக்காரன் அந்தச் சாக்கை இரவீந்திரனின் தலையில் கவிழ்த்தபோது மூக்கில் ஏறிய அரிசித்தூசின் மணம் அவருக்கு இன்றும் மறக்கவில்லை.