சீர் பாத்ரூம்

"இது வழுக்குமா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

கடைக்காரர் சக்கரவர்த்தி சலித்துக்கொள்ளவில்லை. டைல்ஸ் மேல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே அதன்மேல் ஏறி நின்று காட்டினார்.

பக்கத்தில் சம்பந்தியம்மா தனக்கோடி. அவர் டைல்ஸைப் பார்க்கிறாரா, என்னைப் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சீரில் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம், வீட்டுக்குள் ஒரு பாத்ரூம் கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். ஆரணியில் அவர்கள் வீட்டு முன்பக்கம் முழுக்கத் தறி. குளிக்க வேண்டுமென்றால் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். நம் பெண்ணுக்கும் வசதிதானே என்று என் கணவர் உடனே ஒப்புக்கொண்டார். கொத்தனார் சுவரை எழுப்பிவிட்டார். சாமான் எடுக்க நான்தான் போவேன் என்று அடம்பிடித்து வந்திருக்கிறேன்.

என் மகள் ஜெயப்ரியாவுக்கு வலிப்பு வரும்.

அதை அவர்களிடம் சொல்லவில்லை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. கடைசியாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அன்றைக்குக் குளிக்கப் போனவள் உள்ளே விழுந்துவிட்டாள். தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அவள் அப்பா கதவை உடைத்து உள்ளே போவதற்குள், குழாய் முனை புருவத்தைக் கிழித்திருந்தது.

மாடிப்படியில் தடுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னோம். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அதையே சொன்னோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அழகு பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு, கடையில் இருக்கும் ஒவ்வொரு சாமானிலும் என் பெண்ணின் தலை மோதுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் அன்றைக்கு அமாவாசை. தறிக்கு லீவு என்று சம்பந்தியம்மாதான் அந்த நாளைச் சொன்னார். அமாவாசையில் வலிப்பு வரும் என்று டாக்டர் சொல்லவில்லை, ஊர்தான் சொல்கிறது. எனக்கு டாக்டரைவிட ஊரைக் கண்டால்தான் பயம். எங்கள் ஊர் கண்ணமங்கலத்தில் அவள் அப்பா வேலைக்குப் போகாமல் அவளுக்குக் காவல் இருந்தார்.

சொரசொரப்பான டைல்ஸே போதும் என்று சொன்னேன். அதில் அழுக்கு சேரும், தேய்த்து மாளாது. எந்த மாமியாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"அதாங்க நல்லது," என்றார் தனக்கோடி.

சதுரமாக, பளபளவென்று ஒரு வாஷ் பேசின் இருந்தது. எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கூர் இல்லாமல், மூலையில் ஒதுங்கிக்கொள்ளும் சின்ன உருண்டை பேசினைக் காட்டினேன். அதற்கும் சரி என்றார். நீட்டிக்கொண்டு நிற்காத குழாய், தலைக்கு எட்டாத உயரத்தில் கீசர், எல்லாவற்றுக்கும் சரி. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் தேவலை என்று மெல்ல இழுத்தேன். ஏற்கெனவே அப்படித்தான் நிலை வைத்திருக்கிறதாம். இடம் பத்தாது என்பதால் என்றார்.

இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைக்கும் என்று மனசுக்குள் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டேன். கூடவே ஒரு சந்தேகம். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஆழம் பார்க்கிறாரோ?

"இன்னாங்க சம்பந்திம்மா, இப்டி வேர்த்துகினு இருக்குது உங்களுக்கு? ஜல்தியா முடிச்சிடலாம். தமிழு வீட்ல ஒண்டியா இருக்குது."

தமிழு என்றால் மாப்பிள்ளை தமிழ்வாணன். இருபத்தேழு வயசு ஆண்பிள்ளை ஒண்டியாக இருந்தால் என்ன, காக்காயா தூக்கிக்கொண்டு போய்விடும்? வேறு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன்.

கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்றுதான் பாக்கி.

அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்ததே. ஆனால் எப்படிக் கேட்பது? பாத்ரூம் கதவு வெளியிலிருந்து திறக்க வேண்டும் என்று பெண்ணைப் பெற்ற எவள் கேட்பாள்?

அதற்குள் தனக்கோடி சக்கரவர்த்தியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எனக்குக் கேட்டது.

"உள்ள தாப்பா போட்டுகினா, வெளிய இருந்து தெறக்கற மாதிரி எதுனா இருக்குதாங்க?"

தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நின்றுபோயிற்று. இப்போது திரும்புவார், நாலு பேர் முன்னால் கேட்பார், என் பெண்ணின் பேர் ஆரணி முழுக்க நாறும்.

அவர் திரும்பினார். எதுவும் கேட்கவில்லை. என் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"சின்னப் புள்ளைங்க உள்ள போயி மாட்டிகினா பேஜாருங்க. அதுக்குத்தான்."

அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் கிடையாது. இருப்பது புருஷன், பெண்டாட்டி, ஒரே பிள்ளை தமிழ்வாணன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததும் இதே பொய்தான்.

அவர் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் நானும் சொல்ல வேண்டும். பத்திரிகை அச்சடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தாகிவிட்டது.

"நல்லதுங்க," என்றேன். "அதையே எடுத்துக்கலாம்."

சக்கரவர்த்தி ஒரு பூட்டைக் கொண்டுவந்து காட்டினார். வெளிப்பக்கத்துக் குமிழில் ஒரு வெட்டு இருந்தது. அதில் ஒரு ரூபாய்க் காசை நுழைத்துத் திருப்பியதும் பூட்டு டக்கென்று திறந்துகொண்டது.

"ஒண்ணும் பயமில்லம்மா. வெளிய ஒரு ஆளு நல்லபடியா இருந்தா போதும்."

அந்த ஆள் தனக்கோடியின் பிள்ளை என்று நம்பித்தான் நான் வந்திருந்தேன். அவரோ என் பெண்ணை நம்பி வந்திருக்கிறார்.

தனக்கோடி காசை வாங்கி, தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.