உடலைப் பெறுபவர்

"ரத்த சொந்தம் வரணும், இல்லன்னா புருஷன் வரணும்" என்று பிணவறை எழுத்தர் சொல்லிவிட்டதால், அம்சவேணியின் கணவனை பிலோமினாவே தேடிப் பிடித்து வரவழைத்தாள். இருபத்தோரு வருடங்களுக்கு முன்பு விட்டுப்போனவன். "போனவன் போகட்டும், விவாகரத்துக்கு வேற கோர்ட்டுக்கு அலையணுமா? நமக்கு எதுக்குடி காகிதம்?" என்று அம்சவேணி அன்றைக்குச் சிரித்தாள். பிலோமினாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து ஒரே வீடு, ஒரே கட்டில்.

அவன் மத்தியானம் வந்தான். படிவம் நிரப்பப் பேனா கொண்டுவரவில்லை. பிலோமினா தன்னுடையதைக் கொடுத்தாள்.

"அவளுக்கு வயசென்ன?" என்று அவளிடமே கேட்டான்.

"அம்பத்து மூணு."

"நோய் ஏதாவது?"

"சர்க்கரை. பதினோரு வருஷமா." தினமும் ஊசி போட்டுவிட்டவள் பிலோமினாதான்.

"அங்க அடையாளம் கேட்டிருக்கு."

"இடது மார்புக்குக் கீழ ஒரு மச்சம்."

அவன் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். 'உறவு' என்ற கட்டத்துக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. 'கணவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எழுத்தர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக பிலோமினாவிடம் கனிவாகப் பேசினார்.

"சாட்சி கையெழுத்து ஒண்ணு வேணும்மா. நீங்களே போட்டுடுங்க. அதுக்கு உறவெல்லாம் தேவையில்ல, யார் வேணும்னாலும் போடலாம்."

பிலோமினா பேனாவைத் தேடினாள். அது அவன் சட்டைப்பையில் இருந்தது.